பாந்தனாலுக்கு முன் ஒரு ஊசி

ஜாகுவாரைக் காட்டில் நேருக்கு நேர் பார்க்க எங்கே போகலாம் என்று காட்டுயிர்ப் படம் எடுக்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பலரும் பிரேசிலின் பாந்தனாலைத்தான் சொல்வார்கள். உலகின் மிகப் பெரிய வெப்பமண்டல ஈரநிலங்களில் ஒன்று அது. பொலிவியா, பராகுவே நாடுகளுக்குள்ளும் நீள்கிறது. மழைக்காலத்தில் பராகுவே ஆறும் துணை ஆறுகளும் கரை மீறி, புல்வெளிகளை நீர்ப்பரப்பாக்கிவிடும். குயபா நகரத்திலிருந்து போக்கோனே என்ற சிற்றூர் வழியாக மண் சாலையில் போனால், நூற்றுக்கு மேற்பட்ட பாலங்களைத் தாண்டி ஆற்றங்கரைக்குப் போய்ச் சேரலாம். அங்கே உடம்புக்கு ஏதாவது வந்தால், பெரிய மருத்துவமனைக்கு அதே சாலையில் குயபாவுக்குத்தான் திரும்ப வேண்டும். ஆகவே வேண்டிய ஏற்பாடெல்லாம் இங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

முதல் ஏற்பாடு, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மஞ்சள் காய்ச்சல் வைரஸ் அங்கே குரங்குகளிடையே சுற்றிக்கொண்டிருக்கிறது. காட்டு மரங்களின் உச்சியில் வாழும் ஒருவகைக் கொசு அதைக் குரங்கிலிருந்து குரங்குக்குக் கொண்டுபோகிறது. காட்டுக்குள் போகும் மனிதரையும் அதே கொசு கடிக்கும். ஒரு பகுதியில் ஹவ்லர் குரங்குகள் செத்து விழுந்தால், பிரேசில் சுகாதாரத் துறை அதை அபாய அறிவிப்பாகவே எடுத்துக்கொள்கிறது. 2016 இறுதி முதல் 2018 வரை தென்கிழக்கு பிரேசிலில் இந்த நோய் பரவியபோது 2,000-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள்; 700-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இந்த வைரஸைக் கொல்லும் மருந்து இன்றுவரை கிடையாது. தடுப்பூசி மட்டும் இருக்கிறது, அதுவும் அருமையான தடுப்பூசி. 1937-இல் மேக்ஸ் தைலரும் அவருடைய குழுவினரும் வைரஸைக் கோழிக் கருவில் வளர்த்து வீரியம் குறைத்து உருவாக்கினார்கள். அதற்காக 1951-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று நாம் போட்டுக்கொள்வதும் அந்த வைரஸ் வழிவந்ததுதான்.

ஒரே ஊசி போதும். ஊசி போட்டதற்குத் தரும் சான்றிதழ் பத்து நாள் கழிந்த பிறகே செல்லுபடியாகும். அதன்பின் ஆயுளுக்கும் செல்லும். 2016 ஜூலை முதல் அதுதான் உலக விதி. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போன்ற, அரசு அங்கீகரித்த மையங்களில்தான் போடுவார்கள். பல பேருக்கான மருந்து ஒரே குப்பியில் இருக்கும். கரைத்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். அதனால் பல மையங்களில் குறிப்பிட்ட நாட்களில் மட்டுமே ஊசி உண்டு. விமானச் சீட்டு எடுத்த கையோடு அந்த நாளைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இது உயிருள்ள வைரஸ் தடுப்பூசி. முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், அறுபது வயது கடந்தவர்கள் எல்லாரும் மருத்துவரிடம் கலந்து பேசாமல் போடக்கூடாது. வேண்டாம் என்று அவர் சொன்னால், விலக்குக் கடிதம் வாங்கலாம். ஆனால் கடிதம் கொசுவைத் தடுக்காது. அப்படிப்பட்டவர்கள் இந்தப் பயணத்தை வேறு ஊருக்கு மாற்றிக்கொள்வதே நல்லது என்பேன்.

இந்தச் சான்றிதழை நீங்கள் திரும்பி வரும்போது நம் விமான நிலையத்தில் கேட்பார்கள். இல்லையென்றால், பிரேசிலை விட்டுக் கிளம்பி ஆறு நாள் ஆகும்வரை தனிமைப்படுத்தி வைப்பார்கள். கிருமி உடலில் புகுந்து நோயாக வெளிப்பட மூன்று முதல் ஆறு நாள் பிடிக்கும் என்பதுதான் அந்தக் கணக்கு. இந்தியாவில் இந்த நோய் இல்லை. ஆனால் இதை ஊருக்குள் பரப்பக்கூடிய ஏடிஸ் கொசு, டெங்குவைத் தரும் அதே கொசு, நம் பூந்தொட்டிகளிலும் பழைய டயர்களிலும் பெருகிக் கிடக்கிறது. உங்கள் கையில் ஏறும் ஊசி உங்கள் தெருவுக்கும் காவல். என்னைப் பொறுத்தவரை, விதிக்காக அல்லாமல் இதற்காகவே அதைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

மற்றவை: டைஃபாய்டு, ஹெபடைடிஸ் ஏ, டெட்டனஸ் ஊசிகள் நடப்பில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிரேசிலில் மலேரியா பெரும்பாலும் அமேசான் பக்கம்தான். பயணம் அதுவரை நீண்டால் மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். வெறிநோயை மட்டும் லேசாக எண்ண வேண்டாம். அதைப் பரப்பக்கூடிய, கால்நடைகளின் இரத்தம் குடிக்கும் வௌவால்கள் பாந்தனாலில் உண்டு. வௌவால் கடி தழும்புகூடத் தெரியாத அளவுக்குச் சின்னதாக இருக்கலாம். முன்கூட்டியே ஊசி போட்டவர்களும், கடிபட்டால் பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, மேல் தவணைக்கு உடனே போக வேண்டும்.

டெங்குவும், மணல் ஈ பரப்பும் லீஷ்மேனியாசிஸும் பாதுகாப்பு எடுக்காதவர்களை விடுவதில்லை. ஏடிஸும் காட்டுக் கொசுவும் பகலில் கடிப்பவை. இரவுக் கொசுவலை மட்டும் போதாது. முழுக்கைச் சட்டை, டீட் கலந்த பூச்சிவிரட்டிக் களிம்பு இரண்டும் பகல் முழுக்க வேண்டும். வெயில் களிம்பு பூசுவதானால் அதை முதலில் பூசி, மேலே விரட்டியைப் பூசுங்கள்.

ஊர் திரும்பிய சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், ஆஸ்பிரினோ இபுபுரூஃபனோ நீங்களாகப் போடாதீர்கள். டெங்குவாக இருந்தால் இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். பாராசிட்டமால் போதும். மருத்துவரிடம் போனதும் அவர் கேட்பதற்கு முன்பே, எந்த நாட்டில், எந்தக் காட்டில், எந்தத் தேதிவரை இருந்தீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.