எல்லையோர இல்லமும் குழந்தையின் மொழியும்



திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை, இஞ்சிவிளை என ஊர்கள் அடுத்தடுத்து வருகின்றன. அதற்கப்பால் களியக்காவிளை. இஞ்சிவிளை கேரளத்தது, களியக்காவிளை தமிழ்நாட்டினது. ஊர்ப்பெயர்களின் ஈற்றில் நிற்கும் ‘விளை’ தோட்ட நிலத்தைக் குறிக்கும் சொல். மரச்சீனியும் தென்னையும் வாழையும் இரு பக்கமும் ஒன்றுபோலவே நிற்பதால், எல்லை கடந்துவிட்டதைக் கடைப் பலகைகளின் எழுத்தைக் கொண்டே வெளியூரார் அறிகின்றனர்.

1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய 4 வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அந்நாளைய கிளர்ச்சிகளின் வரலாறு தனியே பேசத்தக்கது. எல்லை வட்டவாரியாக வகுக்கப்பட்டது. உறவுமுறைகள் அவ்வாறு வகுக்கப்படவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது. பெண் கொடுப்பதும் எடுப்பதும், காதுகுத்தும் துக்கவீடும் முன்போலவே கோட்டைக் கடந்து நடைபெற்று வருகின்றன.

இவ்வூர்களில் காணக்கூடிய ஓர் இல்லத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தாய் விளவங்கோட்டுப் பக்கத்திலிருந்து பாறசாலைப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். தந்தை விடியுமுன் ரப்பர் பால் வெட்டச் செல்பவர். மூத்த மகள் 5-ஆம் வகுப்பில் படிக்கிறாள்; இளைய மகன் அங்கன்வாடிக்குச் செல்கிறான். தந்தையைப் பெற்ற பாட்டி வீட்டோடு இருக்கிறார். தாயைப் பெற்ற பாட்டி எல்லைக்கு அப்பால், பேருந்தில் சிறிது நேரப் பயணத்தில் இருக்கிறார்.

காலையில் அடுக்களையில் மரச்சீனி வேகிறது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் பரப்பிய இக்கிழங்கு, அரிசி கிட்டாத காலங்களில் இப்பகுதிக் குழந்தைகளின் பசியாற்றியது. அதில் மாவுச்சத்து மிகுதி. புரதம் மிகக் குறைவு. அக்குறையை அதனோடு உண்ணும் மீன்குழம்பு ஒருவாறு ஈடுசெய்கிறது. எந்த ஏட்டையும் படியாத பாட்டிமார் கிழங்கையும் மீனையும் சேர்த்தே பரிமாறி வந்தனர்.

‘மக்களே, எழுந்து வா’ என்று பாட்டி அழைக்கிறார். அழைக்கப்படுவது ஒரே குழந்தைதான். ஒற்றைப் பிள்ளையையும் பன்மையில் அழைக்கும் இவ்வழக்கு எல்லையின் இருபுறத்துக்கும் பொதுவானது. குடிநீர் இங்கு ‘வெள்ளம்’, பலாப்பழம் ‘சக்கை’. மதுரையிலோ தஞ்சையிலோ வெள்ளம் என்றால் பெருக்கு. சக்கை என்றால் சாறு பிழிந்தபின் எறியப்படுவது. இச்சொற்களை மலையாளப் பாடநூல் ஏற்கிறது. தமிழ்ப் பாடநூல் பிழையென்று திருத்துகிறது. விளவங்கோட்டில் தமிழே பேசி வளர்ந்த குழந்தையும் இத்திருத்தத்துக்கு ஆளாகிறது. வீட்டில் கேட்ட சொல்லைத் தவறு என்று கேட்கும் பிள்ளை, சொல்லைப் பற்றி மட்டுமா ஐயுறும்?

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2-இல் தொடங்கப்பட்டது. அங்கன்வாடி ஊழியர் பெரும்பாலும் அப்பகுதிப் பெண்ணே. குழந்தை வீட்டில் பேசும் பேச்சே அங்கும் கேட்கிறது. கஞ்சியும் பயறும் உண்டு, பாட்டுப் பாடி, மாலையில் வீடு திரும்புகிறது. ஆகவே மொழிப் பிளவு 3 வயதில் தோன்றுவதில்லை. எழுத்து வரும்போதுதான், அதாவது முதல் வகுப்பில்தான், அது தோன்றுகிறது.

இவ்வில்லத்து மகள் தமிழ்ப் பிரிவு இல்லாத பள்ளியில் படிக்கிறாள். மலையாளத்தைத் தெளிவாக வாசிக்கிறாள். தாயுடன் தமிழில் பேசுகிறாள். தமிழ் எழுத்தை அறியாள். முன்பு அப்பால் இருந்து வரும் கடிதத்தைத் தாய் படித்துக் காட்டும்போது இக்குறை வெளிப்பட்டிருக்கும். இன்று கைப்பேசியில் பாட்டியின் குரல் நேரே வருகிறது. பேச்சு தடையின்றி நடப்பதால், எழுத்து கைநழுவிப்போவதை வீட்டார் உணர்வதில்லை. தாய்க்குப் பிறந்த வீட்டில் ஒரு துண்டு விளை பங்காக உண்டு. அதன் பத்திரம் தமிழில் இருக்கிறது. நாளை அதைப் படிக்க அம்மகள் இன்னொருவரின் வாசலில் நிற்க வேண்டியிருக்கும். நிலம் பற்றிய செய்தியில் பிறர் வாயை நம்பி நிற்பது எளிய குடும்பத்துக்கு எத்தகைய இடர் என்பதை வருவாய்த் துறையினருக்கு விளக்க வேண்டுவதில்லை.

சட்டங்கள் இல்லாமலில்லை. 1956-ஆம் ஆண்டின் 7-ஆவது திருத்தத்தால் அரசமைப்பில் சேர்க்கப்பட்ட 350-அ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்யுமாறு மாநிலங்களைப் பணிக்கிறது. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தத்தம் மொழியில் அரசுக்கு எழுத இடமளிக்கிறது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் தமிழில் மனு எழுதும் உரிமை, தமிழ் எழுதத் தெரிந்தவருக்கே பயன்படும்.

இது ஒரு மாநிலத்தின் குறை என்று கொள்வது பிழையாகும். தமிழ்நாடு 2006-இல் தமிழ் கற்றலைப் பள்ளிகளில் கட்டாயமாக்கும் சட்டம் இயற்றியது. கேரளம் 2017-இல் மலையாளத்துக்கு அதையே செய்தது. எல்லைக்கு அப்பால் விளவங்கோட்டுப் பகுதியில் மலையாளம் பேசும் இல்லங்களும் உண்டு. அங்குள்ள பிள்ளையின் நிலை பாறசாலைப் பிள்ளையின் நிலைக்கு நேர் எதிர்நிழல். மாநில மொழியைக் கற்பது குழந்தையின் எதிர்காலத்துக்கு இன்றியமையாதது. அதில் வாதம் இல்லை. வீட்டுமொழியின் எழுத்தையும் உடன் கற்பிக்க இயலுமா என்பதே கேள்வி.

இயலும். பிற இடங்களைவிட இங்கு அது எளிது. ழ, ள, ற ஆகிய ஒலிகள் இப்பிள்ளைகளின் நாவில் பிறப்பிலேயே உள்ளன. க, த, வ போன்ற எழுத்துகள் இரு மொழியிலும் உருவால் உறவு காட்டுகின்றன. மலையாளம் நான்கு எழுத்தால் வேறுபடுத்தும் ககர ஒலிகளைத் தமிழ் ஒரே எழுத்தால் குறிக்கிறது. இடமறிந்து ஒலிக்கப் பழகுவது ஒன்றே புதிய பயிற்சி. மலையாளம் வாசிக்கும் 10 வயதுப் பிள்ளைக்கு வாரம் ஒருமணி நேரம் ஒதுக்கினால், ஓராண்டுக்குள் கூட்டி வாசிக்கும் அளவுக்கு வந்துவிடும் என எதிர்பார்ப்பது மிகையன்று.

அதற்குப் புதிய கட்டடம் தேவையில்லை. 1945-இல் பி. என். பணிக்கர் தொடங்கிய நூலக இயக்கத்தின் பயனாகக் கேரளத்துச் சிற்றூர்களிலும் வாசகசாலை உண்டு. எல்லையோர வாசகசாலைகளில் ஓர் அலமாரி தமிழ்ச் சிறுவர் நூல்களுக்கும், களியக்காவிளைப் பக்கத்து நூலகங்களில் ஓர் அலமாரி மலையாளச் சிறுவர் நூல்களுக்கும் ஒதுக்கப்படலாம். கற்பிக்க ஆசிரியரைத் தேடி அலையவும் வேண்டாம். தமிழ்வழிப் பள்ளியிறுதி வரை படித்துவிட்டு இப்பக்கம் வாழ்க்கைப்பட்ட பெண்கள் இவ்வூர்களில் இருக்கின்றனர். அவர்தம் கல்வி திருமணத்தோடு அடுக்களைக்குள் அடங்கிவிடுகிறது. சனிக்கிழமை முற்பகல் ஒருமணி நேரத்துக்குச் சிறு மதிப்பூதியம் தந்தால் போதும்; ஊராட்சியின் கல்விச் செலவில் அது பெரிய தொகையாகாது.

இரவு உணவுக்குப்பின் பாட்டி கதை சொல்கிறார். நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் உள்ள ‘அம்மச்சிப் பிலாவு’ என்னும் பலாமரத்தின் பொந்தில், பகைவருக்குத் தப்பி இளவரசர் மார்த்தாண்ட வர்மர் ஒளிந்திருந்த கதை அது. பாட்டி சொல்வது தமிழா மலையாளமா என்று பிரித்துரைப்பது கடினம். குழந்தைகளுக்கு அந்த ஐயமே எழுவதில்லை. சிறுவன் பாதியில் உறங்கிவிடுகிறான். மகள் மட்டும் விழித்திருந்து, அக்கதை தாயின் பழைய பள்ளிப் புத்தகத்திலும் இருக்கிறதா என்று கேட்கிறாள். தாய் பரணிலிருந்து பெட்டியை இறக்குகிறார்.