கெட்டித்தனமும் இருக்கும் இடமும்



நான் வைத்தியர். ஆனால் இன்று பேச வந்தது, எமது பழைய மாணவிகள் பலர் இப்போது செய்யும் மென்பொருள் வேலையைப் பற்றி.

ஒருவர் ஒரு நாளில் முடிப்பதை முடிக்க இன்னொருவருக்குப் பத்து நாள் வேண்டும் என்பது அத்துறையில் பழைய பேச்சு. பிறவிக் கெட்டித்தனம் என்று சொல்லிவிடுவோம். அமெரிக்காவின் டொம் டிமார்க்கோவும் திமொதி லிஸ்டரும் 1984 முதல் 1986 வரை 92 நிறுவனங்களின் 600க்கும் மேற்பட்டோருக்கு ஒரே வேலையைக் கொடுத்துப் பார்த்தார்கள். வித்தியாசம் ஏறத்தாழப் பத்து மடங்குதான். ஆனால் ஒரே நிறுவனத்திலிருந்து சோடியாக வந்த இருவர் பெரும்பாலும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் செய்தார்கள். முன்னே நின்றவர்களுக்கு அமைதியும் இடவசதியும் கூட, குறுக்கீடு குறைவு. கெட்டிக்காரர் நல்ல இடம் தேடிப் போயிருக்கவும் கூடும். என்றாலும் இடத்தை ஒதுக்கிவிட்டு ஆளை மட்டும் எடைபோட முடியாது.

மென்பொருள் எழுதுபவர் பல இழைகளை ஒன்றாக மனதில் பிடித்திருக்கிறார். ஒரு தொலைபேசி அழைப்பில் எல்லாம் அறும். மருந்தளவைக் கணக்கிடும்போது யாரும் கூப்பிட்டால் எனக்கும் அப்படித்தான்.

வீட்டிலிருந்து வேலை செய்யும் மகளை "ஒருக்கா வந்திட்டுப் போ" என்று எத்தனை தரம் கூப்பிடுகிறோம்? மகனை எத்தனை தரம்? அவள் மந்தம் என்று சொல்லுமுன், குறுக்கீடில்லாத இரண்டு மணித்தியாலம் அவளுக்குக் கிடைத்ததா என்று கேளுங்கள்.

மணி அடிக்கும்வரை யாரும் எழுப்பாத பாடவேளையை இந்தப் பாடசாலை எமக்குத் தந்தது. பின்னால் வருபவர்களுக்கு அதை நாமும் கொடுப்போம்.