கட்சி மாறிய இறையாண்மை

 

அமெரிக்காவில் வலுவான மத்திய அரசா, மாநிலங்களின் இறையாண்மையா என்னும் பொருள் குறித்து இரண்டு நாள் பேசவிருக்கிறோம். தலைமை உரை நீண்டால் முதல் அமர்வின் நேரம்தான் களவு போகும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆகவே ஒரே ஒரு கருத்தைச் சொல்கிறேன். மாநில இறையாண்மைக் கோட்பாட்டை அந்நாட்டில் எந்தப் பகுதியும் எந்தக் கட்சியும் நிலையாகப் பற்றி நின்றதில்லை. தலைநகரில் செல்வாக்கு இழந்தவர்கள் அதைக் கையில் எடுத்தார்கள். ஆட்சி கைக்கு வந்ததும் கீழே வைத்துவிட்டார்கள். ஆகவே ஒருவர் இறையாண்மை பேசினால், எந்தக் காரியத்துக்காகப் பேசுகிறார், அந்த அதிகாரம் யார் தலைமேல் விழும் என்றுதான் ஆய்வாளர் முதலில் கேட்க வேண்டும்.

தொடக்கத்தில் மாநிலங்களின் கைதான் ஓங்கியிருந்தது. 1781இல் நடைமுறைக்கு வந்த கூட்டமைப்பு விதிகள் ஒவ்வொரு மாநிலத்தின் இறையாண்மையையும் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டன. காங்கிரஸ் வரி விதிக்க முடியாது. மாநிலங்களிடம் பணம் கேட்கலாம், அவ்வளவுதான். இறக்குமதிப் பொருள்கள்மேல் 5 விழுக்காடு தீர்வை போட 13 மாநிலங்களும் இசைய வேண்டியிருந்தது. 1782இல் ரோட் ஐலண்ட் மறுத்தது, திட்டம் படுத்துவிட்டது. அடுத்த ஆண்டு ஜூன் மாதம், சம்பள பாக்கி கேட்டுப் படைவீரர்கள் பிலடெல்பியாவில் காங்கிரஸ் கூடியிருந்த கட்டடத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். பாதுகாப்புக்குத் தன் படையை அனுப்ப பென்சில்வேனியா அரசு இசையவில்லை. காங்கிரஸ் உறுப்பினர்கள் பிரின்ஸ்டனுக்கு இடம்பெயர்ந்தார்கள். தலைநகரை எந்த மாநிலத்துக்கும் உட்படாத நிலத்தில் அமைக்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு இந்த அவமானமும் ஒரு காரணம்.

இதையெல்லாம் பார்த்துச் சலித்த ஜேம்ஸ் மாடிசன், புதிய அரசமைப்பை வரைந்த 1787 பிலடெல்பியா மாநாட்டில், மாநிலச் சட்டங்களைத் தள்ளுபடி செய்யும் அதிகாரமே காங்கிரசுக்கு வேண்டும் என்று வாதாடித் தோற்றார். அந்த அரசமைப்பை எதிர்த்தவர்களை நம் பாடநூல்கள் ஒரு பத்தியில் முடித்துவிடுகின்றன, அது நியாயமில்லை. முகப்புரையில் மாநிலங்கள் இருக்க வேண்டிய இடத்தில் மக்கள் எப்படி வந்தார்கள் என்று விர்ஜீனியாவில் பாட்ரிக் ஹென்றி கேட்டது வெறும் மேடைப் பேச்சு அன்று. புதிய உச்ச நீதிமன்றம் கொஞ்சம் கொஞ்சமாக மாநிலங்களின் அதிகாரத்தை விழுங்கும் என்று ‘புரூட்டஸ்’ என்ற புனைபெயரில் எழுதியவர் அஞ்சியதும் பெருமளவு பலித்தது.

அதே மாடிசன் 1798இல் எங்கே நின்றார்? ஜான் ஆடம்ஸ் ஆட்சி, அரசைத் தாக்கி எழுதிய பத்திரிகையாளர்களைச் சிறையில் தள்ளும் சட்டம் கொண்டுவந்தபோது, அவர் விர்ஜீனியா தீர்மானத்தையும் ஜெஃபர்சன் கென்டக்கி தீர்மானத்தையும் பெயர் வெளியே தெரியாமல் எழுதிக்கொடுத்தார்கள். மத்திய அரசு எல்லை மீறினால் மாநிலங்கள் குறுக்கே நிற்கலாம் என்பது அவற்றின் சாரம். பிறகு ஜெஃபர்சன் குடியரசுத் தலைவரானார்; 1807இல் அயல்நாட்டுக் கப்பல் வணிகத்தையே தடை செய்தார். இப்போது மாநில உரிமை பேசுவது கப்பல் வணிகத்தை நம்பியிருந்த நியூ இங்கிலாந்தின் முறையாயிற்று. 1816இல் தேசிய வங்கிக்கும் காப்புத் தீர்வைக்கும் வாதாடியவர் தென் கரோலைனாவின் ஜான் கால்ஹூன். அந்தத் தீர்வையை எதிர்த்தவர் டேனியல் வெப்ஸ்டர். 1830 வாக்கில் இருவரும் இடம் மாறியிருந்தார்கள். வெப்ஸ்டர் ஒன்றியத்தின் குரலானார். மத்தியச் சட்டத்தை ஒரு மாநிலம் செல்லாது என அறிவிக்கலாம் என்னும் கோட்பாட்டுக்குக் கால்ஹூன் ஆசானானார். 1832இல் தென் கரோலைனா அதைச் செய்தும் பார்த்தது. ஆண்ட்ரூ ஜாக்சன் படை காட்டி மிரட்ட, தீர்வை குறைய, சிக்கல் அப்போதைக்கு ஓய்ந்தது.

நான் கொஞ்சம் நின்று பேச விரும்புவது 1850கள் பற்றி. அடிமைமுறை கொண்ட தென்மாநிலங்கள் என்றைக்கும் மாநில உரிமையின் பக்கமே நின்றன என்ற கதையை அந்தப் பத்தாண்டுகள் சிதறடிக்கின்றன.

தப்பி ஓடிய அடிமைகளைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்பது அரசமைப்பிலேயே இருந்தது. 1842இல் பிரிக் வழக்கில் உச்ச நீதிமன்றம், பென்சில்வேனியாவின் தடைச் சட்டத்தைத் தள்ளியது. ஆனால் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஜோசப் ஸ்டோரி ஒரு கதவைத் திறந்து வைத்தார்: அடிமைகளைத் திருப்பி ஒப்படைக்கும் மத்தியச் சட்டத்தை மாநில அதிகாரிகள் நிறைவேற்றியே தீர வேண்டும் என்ற கட்டாயமில்லை. வடமாநிலங்கள் அந்தக் கதவு வழியே நுழைந்தன. எங்கள் சிறைகளைத் தரமாட்டோம், எங்கள் அதிகாரிகள் கைவைக்க மாட்டார்கள் என்று சட்டம் போட்டன.

தென்மாநிலங்களின் மறுமொழி என்ன? மத்திய அரசின் கையை வலுப்படுத்தியதுதான். 1850ஆம் ஆண்டுச் சட்டப்படி, விசாரிப்பவர் மத்திய ஆணையர். ஜூரி கிடையாது. பிடிபட்டவர் தனக்காகச் சாட்சி சொல்ல முடியாது. ஆளை ஒப்படைத்தால் ஆணையருக்கு 10 டாலர் கட்டணம், விடுவித்தால் 5 டாலர். வழியில் போகிறவரையும் உதவிக்கு அழைக்கலாம். அதுவரை அமெரிக்கக் குடிமகனின் வீட்டு வாசல்வரை மத்திய அரசை இவ்வளவு நெருக்கமாகக் கொண்டுவந்த சட்டம் வேறு இருந்ததா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

1854 மார்ச்சில், அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த ஜோஷுவா குளோவர் என்பவரை விஸ்கான்சினில் பிடித்து மில்வாக்கி சிறையில் அடைத்தார்கள். கூட்டம் சிறையை உடைத்து அவரை விடுவித்தது. அவர் கனடா போய்ச் சேர்ந்தார். கூட்டத்தைத் திரட்டியதாக ஷெர்மன் பூத் என்ற பத்திரிகை ஆசிரியர் கைதானார். விஸ்கான்சின் உச்ச நீதிமன்றமோ மத்தியச் சட்டமே செல்லாது என்று சொல்லி அவரை விடுவித்தது. 1859இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி டேனி அதைத் திருப்பியடித்தார். உடனே விஸ்கான்சின் சட்டமன்றம் 1798 கென்டக்கி தீர்மானத்தின் நடையிலேயே ஒரு எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. கால்ஹூனின் ஆயுதம் அடிமைமுறை எதிர்ப்பாளர்களின் கையில்!

1860 டிசம்பரில் தென் கரோலைனா, தான் பிரிந்து போவதற்கான காரணங்களை அறிவித்தது. பிரியும் உரிமைக்கு அது மாநில இறையாண்மையைத்தான் சான்று காட்டியது. ஆனால் குறைகளின் பட்டியலில் என்ன இருந்தது? வடமாநிலங்கள் மத்தியச் சட்டத்தை மதிக்காமல் அடிமைகளைத் திருப்பித் தர மறுக்கின்றன என்பது. அதாவது, பிற மாநிலங்கள் மிதமிஞ்சி இறையாண்மை காட்டியதே குற்றம். பிரிந்தவர்கள் எழுதிக்கொண்ட அரசமைப்பும், அடிமைச் சொத்துரிமையைக் குறைக்கும் சட்டம் இயற்ற அவர்களுடைய காங்கிரசுக்கே தடை விதித்தது. 1862இல், வடக்கு அரசுக்கு ஓராண்டு முன்பே, அவர்கள் கட்டாய இராணுவச் சேர்ப்பைக் கொண்டுவந்தார்கள். ஜார்ஜியா ஆளுநர் ஜோசப் பிரவுன் மாநில உரிமை பேசி அதை எதிர்த்துக்கொண்டே இருந்தார். பாவம், அவர் ஒருவராவது கோட்பாட்டை மெய்யென்று நம்பியிருக்கிறார்.

உள்நாட்டுப் போருக்குப் பின் வந்த 14ஆம் திருத்தம், 1957இல் 9 கறுப்பின மாணவர்களைப் பள்ளிக்குள் அழைத்துச் செல்ல லிட்டில் ராக் நகருக்கு ஐசனோவர் அனுப்பிய படை ஆகியவை நன்கு அறிந்தவை. அவற்றுக்குத் தனி அமர்வே இருக்கிறது. மாநில சுயாட்சிக் குரல் வளர்ந்த தமிழ்நாட்டில் வாழும் நமக்கு அமெரிக்க மாநில உரிமை முழக்கத்தோடு ஓர் ஒட்டுதல் தோன்றுவது இயல்பு. லிட்டில் ராக்கில் அந்த முழக்கம் எதற்குப் பயன்பட்டது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஸ்டோரி திறந்த கதவு இன்னும் மூடப்படவில்லை. துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியை உள்ளூர் ஷெரிப்கள் சரிபார்க்க வேண்டும் என்ற மத்திய ஆணையை 1997இல் பிரின்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தள்ளியது. வலதுசாரிகள் கொண்டாடினார்கள். குடியேறியோரைப் பிடிக்க மத்திய அரசுக்கு ஒத்துழைப்பதைக் கட்டுப்படுத்தி 2017இல் கலிபோர்னியா சட்டம் இயற்றியபோது, அதைக் காப்பாற்றியதும் அதே கோட்பாடு. கொண்டாடியவர்கள் மட்டும் வேறு.

கடைசியாக, நம் விவாதத்தில் விடுபடக்கூடாத ஒன்று. கருக்கலைப்பை மாநிலங்களின் முடிவுக்கு விட்ட 2022 டாப்ஸ் தீர்ப்புக்குப் பின் அது சில மாநிலங்களில் குற்றம், சிலவற்றில் மருத்துவச் சேவை. நியூயார்க், மாசசூசெட்ஸ் போன்ற மாநிலங்கள் தம் மருத்துவர்களைப் பிற மாநில வழக்குகளிலிருந்து காக்கச் சட்டம் போட்டிருக்கின்றன. இங்கே மாநிலத்தோடு மாநிலமே மோதுகிறது. 1850இல் இப்படிப்பட்ட மோதலில் ஒரு தரப்பு மத்திய அரசை அழைத்து வந்தது. நாளை பிற்பகல் இதைப் பற்றிக் கட்டுரை படிக்கவிருப்பவர்கள், இன்றிரவு பிரிக் தீர்ப்பை இன்னொரு முறை புரட்டிவிட்டு வரும்படி கேட்டுக்கொள்கிறேன். முதல் அமர்வின் கட்டுரையாளர்களை மேடைக்கு அழைக்கிறேன்.