உடைமையும் இரவலும்

இரவல் கொடுத்த புத்தகம் திரும்பி வராத துயரை அறியாதார் நம்முள் எவர்? கணினிக்கும் அத்தகைய துயர் உண்டென்பதை, கலைப் பட்டதாரியாகிய நான், எங்கள் பாடசாலையில் தகவல் தொழினுட்பம் கற்பிக்கும் ஆசிரியையிடம் அண்மையிலேதான் கற்றேன்.

கணினியின் நினைவகத்தை ஒரு நூலகமெனக் கொள்வோம். அதிலுள்ள தரவு ஒவ்வொன்றும் ஒரு புத்தகம். புத்தகம் இருக்குமிடத்தைக் குறித்த சீட்டு வேறு, புத்தகம் வேறு. சீட்டின் வழியே சென்று புத்தகத்தையே அடையும் செயலைச் செய்நிரலில் ஓர் உடுக்குறியால் எழுதுவர். புத்தகம் அகற்றப்பட்ட பின்பும் சீட்டு எஞ்சியிருந்தால் என்னாகும்? அவ்விடத்தில் வேறொரு நூல் இருக்கலாம். அதனையே நாம் தேடியதென நம்பி எடுத்துவிடுவோம். சீ, சீ பிளஸ் பிளஸ் ஆகிய மொழிகளில் இத்தவறு நேராமற் காப்பது பெரும்பாலும் எழுதுவோரின் பொறுப்பே. தனது மென்பொருள்களிற் கண்ட பாதுகாப்புக் குறைகளுள் 100க்கு 70 அளவானவை நினைவகத் தவறுகளால் எழுந்தவை என 2019இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் கூறியது.

இக்குறையைக் களைய எழுந்தவற்றுள் ஒன்று றஸ்ட் என்னும் மொழி. கனடாவின் வன்கூவர் நகரில், மென்பொருட் கோளாற்றால் மின்தூக்கி நின்றுபோக, 21ஆம் மாடிக்குப் படியேறிச் சென்ற கிறேடன் ஹோர் என்பார் 2006இல் இதனைத் தொடங்கினார். அதன் நிலையான முதற் பதிப்பு 2015 மே 15இல் வெளிவந்தது.

அம்மொழியின் சட்டம் இதுதான். ஒரு பொருளுக்கு ஒரு வேளையில் உடையவர் ஒருவரே. அவரது எல்லை முடியுமிடத்திற் பொருளும் அகற்றப்படும். உடைமையை விட்டுக்கொடாமல் இரவலும் வழங்கலாம். பார்ப்பதற்கு மட்டுமாயின் எத்தனை பேருக்கும் வழங்கலாம், மாற்றுவதற்காயின் ஒருவருக்கே. அவ்விரவல் முடியும்வரை உடையவரும் அதனைத் தொடலாகாது. பொருள் அகன்றபின் எந்த இரவலும் எஞ்சலாகாது.

இவ்விதியின் அருமையை நான் ஒரு புள்ளி இடாப்பினால் உணர்ந்தவன். பல ஆண்டுகளுக்கு முன் ஓராசிரியர் அதிற் புள்ளிகளைத் திருத்திக்கொண்டிருக்கையில், மற்றொருவர் அதே இடாப்பைப் பார்த்து மாணவர் அறிக்கைகளை எழுதினார். பாதி பழைய புள்ளி, பாதி புதிய புள்ளி. தேறிய பிள்ளை ஒருவன் தேறாதவனாக வீடு சென்றான். ஆசிரியர் இருவர்மீதும் குற்றமில்லை. இடாப்பை வழங்குவதில் எங்களிடம் ஒழுங்கு இருக்கவில்லை.

றஸ்ட் மொழியில் அவ்வொழுங்கைக் காப்பது தொகுப்பான். பாதுகாப்பற்றதென எழுதுவோரே வெளிப்படையாகக் குறித்த பகுதிகள் நீங்கலாக, விதி மீறிய செய்நிரலை அது ஓடத் தொடங்குமுன்பே மறுத்துவிடும். சென்ற தவணையில் மாணவனொருவன் என்னிடம் வந்து, "ஐயா, இது பிழை பிழை என்றே சொல்லுகிறது, ஓட விடுகிறதில்லை" என முறையிட்டான். அவனை அமரச் செய்து, அந்த இடாப்பின் கதையைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாதிருந்தவன், மீண்டும் கணினி அறைக்குச் சென்றான்.