ரூபாய்க்கு ஒரு ஓட்டு

(கீரனூரில் இளைஞர்கள் மத்தியில் பேசியதன் எழுத்து வடிவம்)



சற்றுமுன் டீக்கடையில் ஒரு தம்பி கைப்பேசியைக் காட்டி, "அண்ணே, யார் ஜெயிப்பாருன்னு சதவீதம் போட்டிருக்கான். பணம் கட்டிச் சொல்றவன் பொய் சொல்லுவானா?" என்று கேட்டார்.

இந்தப் பந்தயத்தில் 'இன்னார் ஜெயிப்பார்' என்பது ஒரு சீட்டு. ஜெயித்தால் 1 டாலர், தோற்றால் ஒன்றுமில்லை. சீட்டு 60 சென்ட்டுக்கு விற்றால் வெற்றிவாய்ப்பு 60 சதவீதம் என்பார்கள். 2024 அமெரிக்கத் தேர்தலில் பாலிமார்க்கெட் சந்தையில் ஒரே ஒரு பிரெஞ்சுக்காரர், பல கணக்குகளில், டிரம்ப் மீது சுமார் 3 கோடி டாலர் கட்டினார். அந்த அக்டோபரில் பந்தய விலையைக் காட்டி, கருத்துக்கணிப்பைவிட இதுதான் துல்லியம் என்று எலான் மஸ்க் பரப்பினார். கணிப்பு பலித்தது, மறுக்கவில்லை. அதே ஆண்டு ராஜஸ்தானின் பலோடி சூதாட்டச் சந்தை பாஜகவுக்கு 300 இடம் என்றது, வந்தது 240. பலித்ததா, பொய்த்ததா என்பதல்ல என் கவலை.

அங்கே தலையை எண்ணுவதில்லை, பணத்தை எண்ணுகிறார்கள். நமக்கு இது பழைய கதை. 1935 சட்டத்திலும் சொத்தும் வரியும் படிப்பும் பார்த்துத்தான் ஓட்டு. சேரியில் பெரும்பாலோர் பட்டியலிலேயே இல்லை. வயதுவந்த எல்லோருக்கும் ஓட்டு வேண்டுமென்று 1928-லேயே சைமன் குழுவிடம் அண்ணல் கேட்டார். 1951-52 தேர்தலில்தான் அது கைக்கு வந்தது.

திருமங்கலத்தில் 2009-இல் உறைக்குள் பணம் வந்தது. பணப் பட்டுவாடாவால் 2017-இல் ஆர்.கே.நகர் தேர்தலும் 2019-இல் வேலூர் தேர்தலும் ரத்தாயின. பணம் கொடுப்பவருக்கு இதுவரை அது செலவு. முதலில் தன் சீட்டை மலிவாக வாங்கிவைத்துவிட்டு, பிறகு உறை கொடுத்தால்? அதுவே முதலீடு. 2025 ஆகஸ்டில் பணம் கட்டும் இணைய விளையாட்டுகளுக்குத் தடைச் சட்டம் வந்தது, சரி. பலோடிக்கு இணையமே தேவைப்படவில்லையே!

"தோற்கிற ஆளுக்குப் போட்டு ஏன் ஓட்டை வீணாக்குற?" பொதுத்தொகுதியில் நிற்கும் தலித் வேட்பாளர் இதைக் கேட்காத தெரு உண்டா? இனி அந்தப் பேச்சுக்கு ஒரு சதவீதமும் கிடைக்கும்.

மேலவளவு ஊராட்சியில் 1996-இல் மிரட்டலுக்கு நடுவே நின்று ஜெயித்தார் முருகேசன். அவர் ஐந்தாண்டும் பதவியில் இருப்பார் என்ற சீட்டுக்கு அன்று என்ன விலை வந்திருக்கும்? 1997 ஜூன் 30 அன்று அவரை வெட்டிக் கொன்றார்கள். எதிர்ப்பக்கம் கட்டியவர்கள் கைநிறைய வாங்கியிருப்பார்கள். டீக்கடைத் தம்பி, அந்தச் சதவீதத்தைப் பார்த்து முருகேசன் மனுவைத் திரும்பப் பெற்றிருக்க வேண்டுமா?