வலைத்தள வேலையும் நம் பிள்ளைகளும்

(நொச்சிக்குப்பம் வாலிபர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



வலை என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நம் பிள்ளைகள் இன்று வேறொரு வலையைப் பற்றிப் பேசுகிறார்கள். வலைத்தளம் கட்டும் வேலை, கோடிங் வேலை என்கிறார்கள். "அதெல்லாம் பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு, குப்பத்துப் பிள்ளைக்கு வருமா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். வருமா, வராதா? பார்ப்போம்.

இந்த வேலைக்கு ஆள் எடுக்கும்போது பல தேசங்களிலும் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. 1 முதல் 100 வரை எண்ண வேண்டும். 3-ஆல் மீதியின்றி வகுபடும் எண் வந்தால், எண்ணுக்குப் பதில் ஒரு சொல். 5-ஆல் வகுபட்டால் வேறொரு சொல். இரண்டாலும் வகுபட்டால் இரண்டு சொல்லும் சேர்த்து. நாம் 'மீன்', 'வலை' என்று வைத்துக்கொள்வோம். ஒன்று, இரண்டு, மீன், நான்கு, வலை, மீன் என்று போகும். 15 வந்தால் 'மீன்வலை'.

இதைக் கம்ப்யூட்டருக்கு உத்தரவாக எழுதவேண்டும். எங்கே தவறுகிறார்கள்? "3-ஆல் வகுபட்டால் 'மீன்' என்று சொல், இல்லாவிட்டால் 5-ஐப் பார்" என்று எழுதிவிடுகிறார்கள். 15 வரும்போது யந்திரம் 'மீன்' என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த எண்ணுக்குப் போய்விடுகிறது. அது சொன்ன வரிசைப்படிதான் செய்யும். ஆகவே, இரண்டாலும் வகுபடுகிறதா என்பதை முதலில் கேட்கவேண்டும். எதை முதலில் கேட்பது, எதைப் பின்னால் கேட்பது என்ற இந்த ஒழுங்குதான் கோடிங்கின் அடிப்படை. ஏலத்தில் மீன் எடுத்து, ஐஸ் செலவும் வண்டிக் கூலியும் போக என்ன நிற்கும் என்று நின்ற இடத்திலேயே கணக்குப் போடும் தாய்மார்களுக்கு இந்த ஒழுங்கு புதிதா?

இன்னொரு விஷயம். இந்த வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, ஜெனீவா அருகே 'செர்ன்' என்ற விஞ்ஞான ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்தவர். அந்த நிலையம் 1993 ஏப்ரல் 30-ல், யாரும் காசில்லாமல் இதை உபயோகிக்கலாம் என்று உலகத்துக்கே விட்டுக்கொடுத்தது. பக்கங்களை எழுதும் எச்.டி.எம்.எல்., ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றுக்கும் கட்டணம் கிடையாது. பாடம் சொல்லித் தருபவர் நியாயமான சம்பளம் கேட்கலாம். ஆனால் "பணம் கட்டு, வேலை நிச்சயம்" என்கிறவனிடம் நகையை அடகு வைத்துக் கொடுக்காதீர்கள். அது வேலையல்ல, மோசடி!

சரி, வேலை கிடைத்தபின்? தரமணியில் டைடல் பார்க் 2000-ல் திறக்கப்பட்டது. பழைய மகாபலிபுரம் சாலை நெடுகக் கண்ணாடிக் கட்டிடங்கள் எழுந்தன. அங்கே உட்கார்ந்தவர்களில் பலர் தம்மைத் தொழிலாளி என்று நினைக்கவில்லை. 2025 ஜூலையில் டி.சி.எஸ். கம்பெனி சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. கழுத்தில் அடையாள அட்டை தொங்கினாலும் வேலை போகும் என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்தது.

இப்போது கோடிங் வரிகளை யந்திரமே எழுதுகிறது. ஆலைத் தொழிலாளிக்கு இது கேட்டுப் பழகிய கதை. யந்திரம் வந்தால் உழைப்பவனின் பாரம் குறையவேண்டும். லாபம் முதலாளிக்கு, வேலை நீக்கம் தொழிலாளிக்கு என்று ஏன் ஆகிறது? யந்திரம் விரோதியல்ல, அது யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி.

இதற்கு வழி என்ன? 1918-ல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தில் திரண்டார்கள். 1923 மே 1-ல் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் மே தினம் கொண்டாடிய சிங்காரவேலர் மீனவர் குடும்பத்தில் பிறந்தவர். ஐ.டி. கம்பெனிகளுக்கும் தொழிற்சட்டம் பொருந்தும், அங்கும் சங்கம் வைக்கலாம் என்று தமிழ்நாடு அரசாங்கமே 2016-ல் தெளிவுபடுத்தியது. அங்கும் சங்கங்கள் ஏற்பட்டுவிட்டன.

ஆகவே தோழர்களே, ஆண் பிள்ளைகளையும் பெண் பிள்ளைகளையும் தைரியமாக இந்த வேலைக்குப் படிக்க வையுங்கள். கம்பெனியில் சேரும் அன்றே சங்கத்திலும் சேரச் சொல்லுங்கள்!