சூரைச் செடியின் அடியில் எலியா



வேலைக்குப் போகும் தாய்மார் எங்களைப் போன்ற அருள்பணியாளர்களிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஃபாதர், காய்ச்சல்னு சொல்லி ஒரு நாள் லீவு போட்டேன். காய்ச்சல் எல்லாம் இல்லை. மனசுக்கு முடியல, அதான். இது பாவமா?" பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவரும் இதைக் கேட்கிறார், வங்கியிலும் பள்ளியிலும் வேலை பார்ப்பவரும் கேட்கிறார். தந்தையர் பெரும்பாலும் கேட்பதில்லை. அதனால் அவர்களுக்குச் சோர்வு இல்லை என்று பொருளில்லை.

இந்தக் கேள்வியோடு அரசர்கள் முதல் நூல் 19ஆம் அதிகாரத்தைத் திறப்போம். இறைவாக்கினர் எலியா சோம்பேறி அல்லர். கர்மேல் மலையில் பாகாலின் பொய்வாக்கினர் 450 பேருக்கு எதிராகத் தனி ஆளாக நின்றவர். அவரே அடுத்த அதிகாரத்தில் அரசி ஈசபேலின் மிரட்டலுக்கு அஞ்சி ஓடுகிறார். பெயேர்செபாவில் பணியாளனை விட்டுவிட்டு, பாலைநிலத்தில் ஒரு நாள் பயணம் செய்து, ஒரு சூரைச் செடியின் அடியில் உட்கார்ந்து, தம் உயிரை எடுத்துக்கொள்ளுமாறு ஆண்டவரிடம் மன்றாடுகிறார்.

ஆண்டவர் என்ன செய்தார்? கண்டிக்கவில்லை, அறிவுரை சொல்லவில்லை. "உனக்கு விசுவாசம் போதாது" என்று சொல்லவில்லை. எலியாவைத் தூங்க விட்டார். பிறகு வானதூதர் தொட்டு எழுப்பி, சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். எலியா உண்டுவிட்டு மறுபடியும் படுத்தார். வானதூதர் இரண்டாம் முறையும் வந்து உண்ணச் சொன்னார். இனிப் போக வேண்டிய தொலைவு எலியாவின் சக்திக்கு மிஞ்சியது என்பதை அந்த வானதூதரே ஒப்புக்கொள்கிறார். அங்கே என்ன செய்கிறாய் என்று ஆண்டவர் எலியாவைக் கேட்டது ஓரேபு மலையில். சூரைச் செடியின் அடியில் கேள்வியே இல்லை; உணவும் உறக்கமும் மட்டுமே.

அன்பார்ந்தவர்களே, ஓய்வு நாம் கண்டுபிடித்த சொகுசு அல்ல. அது பத்துக் கட்டளைகளில் மூன்றாவது. இணைச்சட்ட நூல் 5ஆம் அதிகாரத்தில் ஓய்வுநாளில் யார் யார் இளைப்பாற வேண்டும் என்ற பட்டியல் இருக்கிறது. நீ, உன் மகன், மகள், வேலை செய்யும் அடிமைகள், மாடு, கழுதை, உன்னோடு வாழும் அந்நியர். கவனித்தீர்களா? தாயின் பெயர் அதில் தனியாக இல்லை. 'நீ' என்ற சொல்லுக்குள் தாயும் தந்தையும் அடக்கம். ஆனால் நம் வீடுகளில் அந்தப் பட்டியலில் தாயே இல்லை என்பதுபோல் நடந்துகொள்கிறோம். ஞாயிறு திருப்பலி முடிந்து வந்ததும் கறிக்குழம்பு, வாரத் துணி, இட்லிக்கு மாவு எல்லாம் அவர் தலையில். அவருடைய விடுப்புகளோ பிள்ளையின் காய்ச்சலுக்கும், பள்ளிக் கூட்டத்துக்கும், மாமனாரின் மருத்துவமனைக்கும் செலவாகிவிடுகின்றன.

சரி, காய்ச்சல் என்று சொன்னது? பள்ளியில் நாம் எழுதிப் பழகிய விடுமுறை விண்ணப்பத்தில் காய்ச்சலும் தலைவலியும் தவிர வேறு காரணம் இருந்ததே இல்லை. ஆனால் இல்லாத காய்ச்சலைச் சொல்லத் தேவையில்லை. "உடம்பு முடியல" என்று சொல்லுங்கள். நாள்கணக்கில் தூக்கமில்லாத உடம்புக்கு அது உண்மை. "சொந்தக் காரணம்" என்று சொல்லுங்கள், அதுவும் உண்மை. கேட்க உரிமையில்லாதவருக்கு எல்லாவற்றையும் வெளிப்படுத்தும் கடமை எவருக்கும் இல்லை என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2489ஆம் எண்ணில் கற்பிக்கிறது. பொய்யை விடுங்கள்; ஓய்வை விடாதீர்கள். வார ஓய்வும் ஆண்டு விடுமுறையும் உழைப்பவரின் உரிமை என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981ஆம் ஆண்டு வெளியிட்ட, மனித உழைப்பு பற்றிய சுற்றுமடலில் எழுதியிருக்கிறார்.

அந்த ஒரு நாளில் பரணைச் சுத்தம் செய்யாதீர்கள். தூங்குங்கள். சூடாகச் சாப்பிடுங்கள். பிள்ளை பள்ளியில் இருக்க நாம் வீட்டில் படுத்திருக்கிறோமே என்று மனம் குத்தும். மாற்கு நற்செய்தி 6ஆம் அதிகாரத்தில், உண்ணக்கூட நேரமில்லாத திருத்தூதர்களைச் சற்று ஓய்வெடுக்க அழைத்தவர் இயேசுவே. அவர்கள் கரை சேருமுன் கூட்டம் அங்கே வந்து நின்றது. படகில் சென்ற நேரம்தான் மிஞ்சியது. உங்கள் விடுப்பும் பள்ளியிலிருந்து வரும் ஒரு போனில் முடிந்துபோகலாம். படகில் கிடைத்ததும் ஓய்வுதான்.

ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போய்விடும் என்ற நிலையில் இருப்பவர்களை மறந்து நான் பேசவில்லை. அவர்களிடம் "லீவு போடுங்கள்" என்று சொல்வது எளிது. எலியாவுக்கு அப்பம் தானாக வரவில்லை, ஒருவர் கொண்டுவந்தார். அன்பியங்களே, அந்த ஒருவர் நீங்கள்தான். ஞாயிறு மாலை பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை மூன்று மணி நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வேளைச் சோறு கொடுத்தனுப்புங்கள். கணவர்மாரே, ஞாயிறு சமையலை ஏற்றுக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று. ஒரு நாள் ஓய்வில் தீராத சோர்வும் உண்டு. வாரக்கணக்கில் தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல், எலியாவைப்போல் "செத்தாப் போதும்" என்று தோன்றினால், அது செபக் குறைவு அல்ல. மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணை இரவிலும் பகலிலும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். வீட்டில் ஒருவர் அந்த வார்த்தையைச் சொன்னால், விளையாட்டாக எடுக்காமல் அருகில் உட்காருங்கள்.

செபிப்போம். எலியாவைத் தூங்க விட்ட ஆண்டவரே, எங்கள் வீடுகளில் களைத்திருக்கும் தாய் தந்தையரைத் தொட்டருளும். அவர்களுக்கு அப்பமும் தண்ணீரும் எடுத்துச் செல்லும் கைகளாக எங்களை ஆக்கியருளும். ஆமென்.